களைநாசினி எச்சத்தைப் பற்றி வன்னியில் முறையாக வாதிடுவது எப்படி

காலபோகத்துக்கான (மாரிகால நெற்செய்கைக்கான) பயிர்ச்செய்கைக் கூட்டங்களில், குளத்து நீர் திறக்கும் திகதியும் மாடுகளை வயல்வெளியிலிருந்து அகற்றும் திகதியும் தீர்மானிக்கப்பட்டபின், களைநாசினியையும் உணவில் தங்கும் அதன் எச்சத்தையும் பற்றிய பேச்சு எப்படியோ எழுந்துவிடுகிறது. ஒருவர் "நாங்கள் நஞ்சைத்தான் தின்னுறம்" என்பார், மற்றவர் "இவ்வளவு காலம் அடிச்ச நாங்கள் செத்தா போனம்?" என்பார், பிறகு கூட்டம் கலையும்வரை இந்த இரண்டு வசனங்களே வெவ்வேறு குரல்களில் திரும்பத் திரும்ப ஒலிக்கும். இரண்டுக்குமே மறுமொழி சொல்ல முடியாது, ஏனெனில் எந்த மருந்து, யாருடைய உடல், எவ்வளவு என்ற மூன்றையும் அவை சொல்லாமலே விட்டுவிடுகின்றன.

இவ்வழிகாட்டி கமக்காரர் அமைப்பிலோ மாதர் சங்கத்திலோ பாடசாலை விவாத மேடையிலோ இவ்விடயத்தைப் பேச எழும்புகிறவருக்காக எழுதப்படுகிறது. எந்தப் பக்கத்தில் நின்று பேசுவதானாலும் இதனைப் பயன்படுத்தலாம். எனினும் என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தட்டிலுள்ள சோற்றைப் பற்றி நாம் மிகையாக வாதிடுகிறோம், மருந்தடிப்பவரின் தோலைப் பற்றியும் பக்கத்துக் காணிக் கிணற்றைப் பற்றியும் மிகக் குறைவாக வாதிடுகிறோம். இக்கருத்தை ஏற்காதவர் கீழே வரும் கணக்குகளைக் கொண்டே என்னை மறுக்கலாம்.

முதலில் மருந்தின் பெயரைக் கேளுங்கள்

வன்னியில் புல்லுக்கு அடிக்கும் எதையும் ஒரே பெயரால் அழைக்கும் வழக்கம் உண்டு. ரவுண்ட்அப் என்பது ஒரு வணிகப் பெயர். அதிலுள்ள வேதிப்பொருள் கிளைபோசேட். ஆனால் வயலில் நெல் நிற்கும்போது அகன்ற இலைக் களைக்கும் கோரைக்கும் அடிக்கப்படுவது பெரும்பாலும் எம்.சி.பி.ஏ.; விதைத்தவுடன் முளைக்கும் களையைத் தடுக்க அடிப்பது பிரெட்டிலாகுளோர்; இளம் நெல்லுக்கிடையே முளைத்த புற்களுக்கு அடிப்பது பிஸ்பைரிபக் சோடியம். இவற்றின் நச்சுத்தன்மை, மண்ணில் தங்கும் காலம், தாவரத்துக்குள் ஊடுருவும் விதம் ஆகியன ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. ஆகையால் எதிரில் பேசுபவர் வயதில் மூத்தவராக இருந்தாலும், "அண்ணை, நீங்கள் எந்த மருந்தைச் சொல்லுறியள்?" என்று பணிவாகக் கேட்பதே விவாதத்தின் முதற்படியாகும். இக்கேள்விக்கு விடை கிடைக்காதவரை அடுத்த கேள்விக்குப் போகவேண்டாம்.

இயன்றால் போத்தலையே கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வெறும் போத்தலானால் மூடியை இறுக்கி, ஒரு பொலித்தீன் பையில் இட்டுக் கொண்டுவருதல் நல்லது. லேபலில் நான்கு விடயங்களைச் சபைக்கு உரத்து வாசிக்கவேண்டும்: வேதிப்பொருளின் பெயர், ஒரு லீற்றரில் அது எத்தனை கிராம் உள்ளது என்பது, பீடைகொல்லிப் பதிவாளரின் பதிவிலக்கம், அறுவடைக்கு முன் விடவேண்டிய இடைவெளி. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவில்லாத பொருளை விற்க முடியாது. கடல் வழியாகக் கள்ளமாக வந்த பொருளுக்குப் பதிவிலக்கம் இராது. உள்ளே என்ன இருக்கிறதென்பதற்கும் உத்தரவாதம் இராது. அத்தகைய போத்தலை வைத்துக்கொண்டு உலக நிறுவனங்களின் அறிக்கைகளைப் பற்றி வாதிடுவது வீண்வேலை.

லேபலின் அடியிலுள்ள நிறப்பட்டையைக் காட்டி "பச்சைதானே, பயமில்லை" என்று ஒருவர் சொல்லக்கூடும். அந்த நிறம், ஒரே தடவையில் உட்கொண்டால் அல்லது மேலிற் பட்டால் உண்டாகும் உடனடி நச்சுத்தன்மையை மட்டுமே காட்டுகிறது. ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக உடலுக்குட் போவதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இதே காரணத்தால், "சிவப்புப் பட்டை, ஆகவே சோற்றில் நஞ்சு" என்பதும் பிழையான வாதமே.

கிளைபோசேட்டைப் பற்றிப் பேசும்போது அது எப்போது அடிக்கப்படுகிறது என்பதைத் தெளிவாக்கவேண்டும். அது பச்சையான எதையும் கொல்லும். ஆகையால் நிலம் பண்படுத்துவதற்கு முன்னரும் வரம்புகளிலும் வேலியோரத்திலும்தான் அதனை அடிக்கிறார்கள். நிற்கும் நெல்லில் அடித்தால் நெல்லும் சாகும். விதைப்புக்கு முன் அடித்த கிளைபோசேட் மண் துணிக்கைகளோடு இறுக ஒட்டிக்கொள்வதால், மூன்றரை மாதத்துக்குப் பின் அறுக்கும் நெல்மணியில் அது பெருமளவில் இருக்குமென எதிர்பார்ப்பதற்கு நியாயமில்லை. மாறாக, கனடா போன்ற நாடுகளில் பருப்பும் கோதுமையும் ஒரே சீராகக் காய்வதற்காக அறுவடைக்குச் சற்று முன்னரே அதனை அடிக்கும் வழக்கமுண்டு. நமது சங்கக்கடையில் வாங்கும் மைசூர்ப் பருப்பின் கணிசமான பகுதி கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருவது. இரணைமடுக் குளத்து நீரில் விளைந்த நெல்லைச் சந்தேகிப்பவர், பருப்புக் கறியையும் பாணையும் சந்தேகிக்காமல் விடுவது முறையன்று.

புற்றுநோய் என்ற சொல் வரும்போது

விவாதம் சூடாகும் இடம் இதுவே. ஆகவே இங்கே நிதானமாகப் போகவேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 2015 மார்ச்சில் கிளைபோசேட்டை 2ஏ பிரிவில், அதாவது "மனிதரில் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது" எனக் கருதத்தக்க பொருள்களின் வரிசையில் சேர்த்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, அப்பொருள் மனிதருக்குப் புற்றுநோய் ஆபத்தை விளைவிக்கும் சாத்தியம் குறைவு என்றது. 2016 மே மாதத்தில் உணவு விவசாய நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் கூட்டாக நடத்தும் எச்ச ஆய்வுக்குழு, உணவின் வழியாக உட்செல்லும் கிளைபோசேட்டால் புற்றுநோய் உண்டாகும் சாத்தியம் குறைவு என்று முடிவுசெய்தது.

முரணாகத் தோன்றும் இம்முடிவுகளைக் காட்டி, விஞ்ஞானிகள் எல்லோரும் விலைபோனவர்கள் என்று முடித்துவிடுபவர்கள் உண்டு. அப்படி முடிப்பதற்கு முன், ஒவ்வொரு குழுவிடமும் கேட்கப்பட்ட கேள்வி என்னவென்று பார்க்கவேண்டும். முகவரகத்தின் கேள்வி, இப்பொருளுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் ஆற்றல் உண்டா, அதற்கான சான்று எவ்வளவு வலுவானது என்பது. எச்ச ஆய்வுக்குழுவின் கேள்வி, மக்கள் உண்ணும் அளவில் அது நடக்குமா என்பது. முகவரகத்தின் பிரிவுகள் சான்றின் வலுவைக் காட்டுகின்றனவேயன்றி, ஆபத்தின் அளவைக் காட்டுவதில்லை. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி முதலிய செவ்விறைச்சிகளும் அதே 2ஏ பிரிவிலேயே உள்ளன. வெற்றிலையோடு மெல்லும் பாக்கோ அதற்கும் மேலான முதலாம் பிரிவில், மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியானவற்றோடு இருக்கிறது. வெற்றிலை மென்றபடியே கிளைபோசேட்டைத் தூற்றும் பெரியவரிடம் இதனைச் சொல்லலாம். ஆனால் சிரிப்புக்கு இடம்வைத்துச் சொல்லவேண்டும். அவர் "பாக்கை நான் விரும்பிப் போடுறன், எச்சத்தை நான் கேட்டனானா?" என்று திருப்பிக் கேட்டால், அது மிக நியாயமான மறுமொழி என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். தானே தேர்ந்த ஆபத்தும் பிறர் திணித்த ஆபத்தும் அளவில் ஒன்றாயினும் நியாயத்தில் ஒன்றல்ல.

இரு பக்கத்தாரும் தமக்கு உகந்த ஆய்வை மட்டும் தூக்கிப்பிடிப்பதைத் தவிர்க்க, எதிர்ப்பக்கத்தின் வலுவான சான்றை நீங்களே முதலில் வைத்துவிடுவது நல்ல உத்தி. ஆபத்தில்லை என்று வாதிடுபவர் பின்வருவனவற்றை மறைக்கக்கூடாது: 2019 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மிக அதிகமாகக் கிளைபோசேட்டுக்கு ஆட்பட்டவர்களிடையே நொன்-ஹொட்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் ஆபத்து 41 சதவீதம் கூடியிருப்பதாகக் கணித்தது. 2025 இல் இத்தாலியின் ரமசினி நிறுவனத்தார் எலிகளில் நடத்திய நீண்டகால ஆய்வு, ஐரோப்பாவில் ஏற்கத்தக்கதாகக் கொள்ளப்படும் நாளாந்த அளவிலேயே கட்டிகளைக் கண்டதாக அறிவித்தது. கிளைபோசேட் தீங்கற்றது என்று பல ஆண்டுகளாக மேற்கோள் காட்டப்பட்டுவந்த 2000 ஆம் ஆண்டின் மீளாய்வுக் கட்டுரை, அதனை எழுதுவதில் ரவுண்ட்அப்பைத் தயாரித்த மொன்சான்டோ நிறுவன ஊழியருக்கு இருந்த மறைமுகப் பங்கு அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களினூடாக வெளிவந்தபின், 2025 இல் அச்சஞ்சிகையாலேயே மீளப்பெறப்பட்டது. மறுபுறம், ஆபத்துண்டு என்று வாதிடுபவர், அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 54,000 இற்கும் மேற்பட்ட மருந்தடிப்போரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018 இல் வெளியான ஆய்வில், கிளைபோசேட்டுக்கும் அந்நோய்க்கும் தொடர்பு தென்படவில்லை என்பதை மறைக்கக்கூடாது.

நீதிமன்றத் தீர்ப்புகளைச் சான்றாகக் கொண்டுவருவோருக்கு ஒரு வார்த்தை. 2018 ஓகஸ்டில் கலிபோர்னியாவில் ஒரு பாடசாலை மைதானப் பராமரிப்பாளருக்குச் சார்பாக வந்த தீர்ப்பு, பெருமளவு நட்டஈட்டை விதித்தது. பின்னர் அத்தொகை குறைக்கப்பட்டது. அவர் தொழிலாகவே மருந்தடித்தவர்; அவருடைய வழக்கு உணவிலுள்ள எச்சத்தைப் பற்றியதல்ல. உணவைப் பற்றிய வாதத்துக்கு அவ்வழக்கு உதவாது. மருந்தடிப்பவரின் பாதுகாப்பைப் பற்றிய வாதத்துக்கு உதவும்.

கணக்கைச் சபைக்கு முன் போடுங்கள்

எச்சத்தைப் பற்றிய வாதம் அளவைப் பற்றிய வாதமே. ஐரோப்பிய அதிகாரசபை கிளைபோசேட்டுக்கு விதித்த ஏற்கத்தக்க நாளாந்த அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 0.5 மில்லிகிராம். முயல்களில் தீங்கு தென்படாத 50 மில்லிகிராம் அளவை நூறால் வகுத்துப் பெற்றது அது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் வருகிறது.

இனி மோசமான நிலையை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் பருப்பிலும் கோதுமையிலும் அனுமதிக்கப்பட்ட உச்ச எச்ச அளவு, கிலோவுக்கு 10 மில்லிகிராம். நம் வீட்டுப் பருப்பும் மாவும் அந்த உச்சத்தையே தொட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒருநாளில் 50 கிராம் பருப்பும், பாணாகவோ ரொட்டியாகவோ 200 கிராம் கோதுமை மாவும் உண்டால், உடலுக்குட் போவது முறையே 0.5, 2 மில்லிகிராம்; கூட்டினால் 2.5. அது 30 இன் பன்னிரண்டில் ஒரு பங்கு. 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு எல்லை 7.5 மில்லிகிராம், பிள்ளை 25 கிராம் பருப்பும் 100 கிராம் மாவும் உண்டால் உட்செல்வது 1.25; ஆறில் ஒரு பங்கு. எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவரைக் காட்டிலும் இருமடங்கு பிள்ளைக்குப் போகிறது. ஆகவே பாடசாலை உணவைப் பற்றிப் பேசுபவர்கள் பெரியவரின் கணக்கை எடுத்துக் காட்டக்கூடாது.

அடுத்ததாக, அதே கரும்பலகையில் மருந்தடிப்பவரின் கணக்கையும் போடுங்கள். வழக்கமான கிளைபோசேட் கரைசலில் லீற்றருக்கு 360 கிராம் உண்டு. அதாவது ஒரு மில்லிலீற்றரில் 360 மில்லிகிராம். மூடியால் அளந்து தாங்கிக்குள் ஊற்றும்போது ஒரு மில்லிலீற்றர் கையில் வழிந்தால் போதும். தோலினூடாக உட்புகுவது மிகச் சிறு பங்கே; நூற்றில் ஒன்று என்றே வைத்துக்கொண்டாலும் 3.6 மில்லிகிராம் உள்ளே போகிறது. உச்ச எச்சமுள்ள பருப்பும் மாவும் நாள்முழுதும் தந்ததை விட அது அதிகம். அதுவும் ஒரே வழிவில். நான் முன்னே சொன்ன கருத்துக்கு அடிப்படை இந்தக் கணக்குத்தான்.

மருந்தடிக்கும் நாளில் நடப்பதைக் கண்ணால் பார்த்தவருக்கு ஒரு மில்லிலீற்றர் என்பது குறைத்துச் சொன்ன அளவென்று தெரியும். 16 லீற்றர்த் தாங்கியை முதுகிற் சுமந்து, சாரத்தை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு வயலில் இறங்குபவர், தான் அடித்த புல்லினூடாகவே நடந்துபோகிறார். தாங்கியின் மூடி சரியாக இறுகாததால் முதுகுவழியே ஈரம் இறங்கி, சேட்டு உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. நுனிக்குழாய் அடைத்துக்கொண்டால் அதனைக் கழற்றி வாயில் வைத்து ஊதிவிட்டுத் திரும்பவும் பூட்டுகிறார். மதியம் அதே கையைச் சாரத்திற் துடைத்துக்கொண்டு சோற்றுப் பார்சலை அவிழ்க்கிறார். விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், இதனை மாற்றுவதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லப்போவதில்லை.

இக்கணக்குக்கும் ஓட்டைகள் உண்டு. அவற்றை நீங்களே சொல்லிவிடுவது மதிப்பைக் கூட்டும். நாளாந்த எல்லை தனியொரு வேதிப்பொருளுக்கானது; நாமோ பல மருந்துகளின் எச்சத்தை ஒன்றாக உண்கிறோம். போத்தலில் வேதிப்பொருளோடு இலையில் ஒட்டச் செய்யும் துணைப்பொருள்களும் இருக்கின்றன, அவற்றுள் பி.ஓ.ஈ.ஏ. என்பதனைக் கிளைபோசேட் தயாரிப்புகளிற் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2016 இல் தடைசெய்தது. எல்லையே சரியானதுதானா என்ற கேள்வியை ரமசினி ஆய்வு எழுப்பியிருக்கிறது.

ஆய்வறிக்கையும் எல்லைகளும்

"பரிசோதித்தோம், ஒன்றுமில்லை" என்று ஒருவர் தாளொன்றை நீட்டினால், எந்தெந்த மருந்துகளுக்காகப் பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள். நூற்றுக்கணக்கான பீடைகொல்லிகளை ஒரே தடவையில் தேடும் வழமையான முறையில் கிளைபோசேட் அகப்படாது; அதற்குத் தனிப்பட்ட முறை வேண்டும். "கண்டறியப்படவில்லை" என்பதன் பொருள், அக்கருவி காணக்கூடிய ஆகக் குறைந்த அளவுக்குக் கீழே உள்ளது என்பதே. மறுபக்கத்தில், "கண்டறியப்பட்டது" என்பதும் தீங்கு நேர்ந்துவிட்டது என்பதாகாது. அமெரிக்காவில் 2013-14 காலப்பகுதியில் சேகரித்த சிறுநீர் மாதிரிகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் கிளைபோசேட் காணப்பட்டது. அப்பொருள் மக்களின் உடலுக்குட் போகிறது என்பதற்கும் சிறுநீரோடு வெளியேறுகிறது என்பதற்கும் அது சான்று, நோய்க்குச் சான்றல்ல.

எல்லைகளை ஒப்பிடும்போது அவை எதற்காக விதிக்கப்பட்டன என்பதையும் பாருங்கள். குடிநீரில் கிளைபோசேட்டுக்கு ஐரோப்பிய எல்லை லீற்றருக்கு 0.1 மைக்குரோகிராம், அமெரிக்க எல்லை 700 மைக்குரோகிராம். ஏழாயிரம் மடங்கு வேறுபாடு. ஐரோப்பியரின் உடல் ஏழாயிரம் மடங்கு மென்மையானதல்ல. ஐரோப்பிய எல்லை, குடிநீரில் எந்தப் பீடைகொல்லியும் இருக்கலாகாது என்ற கொள்கையால் எல்லா மருந்துக்கும் பொதுவாக வைத்தது. அமெரிக்க எல்லை உடல்நலக் கணிப்பால் வந்தது. கிணற்று நீருக்கு எதனை அளவுகோலாகக் கொள்வது என்பதைக் கூட்டமே தீர்மானிக்கட்டும். எனக்கு ஐரோப்பியரின் பிடிவாதம் பிடித்திருக்கிறது.

தடையைச் சான்றாகக் காட்டுபவரிடம்

இலங்கை 2015 இல் கிளைபோசேட் இறக்குமதியைத் தடைசெய்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தியது. 2022 ஓகஸ்டில் இறக்குமதியை மீண்டும் அனுமதித்தது. தடை வந்தபோது "நஞ்சு என்பது நிரூபணமாகிவிட்டது" என்றவர்கள், தடை நீங்கியபோது "நஞ்சில்லை என்பது நிரூபணமாகிவிட்டது" என்று சொல்லவேண்டும், சொல்லமாட்டார்கள். வர்த்தமானி அறிவித்தல் அரசியல் முடிவு. 2008 இலிருந்து 2011 வரை படிப்படியாக நிறுத்தப்பட்ட பராகுவாட் என்ற களைநாசினியோ வேறு காரணத்துக்காக நிறுத்தப்பட்டது: அதனைக் குடித்தவரைக் காப்பாற்ற மாற்றுமருந்து இல்லை, தற்கொலைச் சாவுகளைக் குறைக்கவேண்டியிருந்தது. அதற்கும் சோற்றிலுள்ள எச்சத்துக்கும் தொடர்பில்லை. 2021 இல் இரசாயனப் பசளைக்கும் பீடைகொல்லிகளுக்கும் வந்த இறக்குமதித் தடையையும் கவனமாகவே கையாளவேண்டும். பசளையும் மருந்தும் ஒரே வேளையில் இல்லாமற்போன அப்போகத்தில் விளைச்சல் விழுந்ததில் களைநாசினியின் பங்கு எவ்வளவென்று பிரித்தெடுக்க முடியாது.

சிறுநீரக நோயைப் பற்றிய பேச்சு வரும்போது குரலைத் தாழ்த்துங்கள். சபையில் அந்நோயால் ஒருவரை இழந்தவர் இருக்கக்கூடும். 1990களில் வடமத்திய மாகாணத்தில் முதலில் கவனிக்கப்பட்ட, காரணம் தெரியாத நீண்டகாலச் சிறுநீரக நோய், வவுனியா மாவட்டத்தையும் தொட்டிருக்கிறது. கடின நீரோடும் உலோகங்களோடும் கிளைபோசேட் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்ற கருதுகோளை இலங்கை ஆய்வாளர் சிலர் 2014 இல் முன்வைத்தனர். கருதுகோள் என்ற எல்லையை அது இன்னும் தாண்டவில்லை. கிளைபோசேட் ஏராளமாகப் பயன்பட்ட மலையகத் தோட்டங்களில் இந்நோய் இப்படிப் பரவவில்லை என்பது அதற்கு எதிரான வாதம். மலையக நீர் கடினமானதல்ல என்பது அக்கருதுகோளாரின் மறுமொழி. கடின நீரும் மருந்தும் இரண்டும் உள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏன் பரவவில்லை என்பது அதற்கு மேலான கேள்வி. நீரிலுள்ள புளோரைட்டு, வெயிலில் நீரின்றி உழைத்தல் ஆகியனவும் காரணங்களாக ஆராயப்படுகின்றன. இன்ன மருந்தால்தான் உங்கள் தகப்பனார் இறந்தார் என்று எவரிடமும் சொல்லும் உரிமை விவாதிப்பவருக்கு இல்லை. இந்த மருந்துக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று அடித்துச் சொல்லும் உரிமையும் இல்லை.

வீட்டுத்தோட்டத்தைப் பற்றி வாதிடும்போது

தோட்டத்தில் எழும் பிணக்குகளை வாய்ப்பேச்சை விடச் செடியே நன்றாகத் தீர்த்துவைக்கும். பக்கத்து வயலில் எம்.சி.பி.ஏ. அடித்த சில நாட்களில் உங்கள் பயற்றங்கொடியும் தக்காளியும் தண்டு முறுகி, இலை குவிந்து, நரம்புகள் நெருங்கிக் காணப்பட்டால், காற்றில் மருந்து வந்திருக்கலாம். ஆனால் மிளகாயில் மட்டும் இலை சுருண்டால் அவசரப்பட்டு வேலிச்சண்டைக்குப் போகவேண்டாம். பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் அதே வேலையைச் செய்யும், இலையின் கீழ்ப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் அகப்படும். மருந்தின் அடையாளம், வயலை நோக்கிய பக்கத்திலுள்ள பலவகைச் செடிகளில் ஏறத்தாழ ஒரே வேளையில் தென்பட்டு, உள்ளே போகப்போகக் குறைந்து செல்வது. திகதியிட்டுப் படமெடுத்து, விவசாயப் போதனாசிரியரிடம் காட்டியபின் அயலவரோடு பேசுங்கள். சோழகம் (தென்மேற்குக் காற்று) வீசும் சிறுபோகத்தில் காலை வேளை தவிர வேறு நேரத்தில் அடிப்பதே பிழை என்பதை அயலவரும் அறிவார்.

வைக்கோல் மூடாக்கிலோ எருவிலோ களைநாசினி தங்கியிருக்கிறது என்ற ஐயம் எழுந்தால் சட்டிச் சோதனை செய்யலாம். சந்தேகத்துக்குரிய எருவை நல்ல மண்ணோடு கலந்து மூன்று நான்கு சட்டிகளிலும், அவ்வெரு படாத மண்ணை அதே எண்ணிக்கையான வேறு சட்டிகளிலும் இட்டு, ஒரே பையிலிருந்து எடுத்த பயறு அல்லது தக்காளி விதையை எல்லாவற்றிலும் இடுங்கள். ஒரு சட்டியின் வடிநீர் மற்றதற்குள் போகாதபடி தள்ளிவையுங்கள். முளைத்தபின் மூன்று கிழமை பாருங்கள். எருச் சட்டிகளில் மட்டும் இலை கிண்ணம்போற் குவிந்து தண்டு முறுகினால் அந்த எருவைத் தோட்டத்துக்கு இடவேண்டாம். இச்சோதனை எம்.சி.பி.ஏ. போன்ற, செடியின் வளர்ச்சியைக் குழப்பும் மருந்துகளையே காட்டும். மண்ணோடு ஒட்டிக்கொண்ட கிளைபோசேட்டை அது காட்டாது. விளைந்த காய் உண்ணத்தக்கதா என்பதையும் சொல்லாது. சட்டியிலே செடி நன்றாக வளர்ந்ததைக் கொண்டு "உணவில் எச்சமில்லை" என்று வாதிட வருபவருக்கு இதனை நினைவூட்டுங்கள்.

கழுவினால் போய்விடும் என்ற ஆறுதலும் அரைகுறையானது. கீரையின் மேற்பரப்பில் விழுந்த துளியைக் கழுவலாம். செடிக்குள் ஊடுருவிய கிளைபோசேட்டைக் கழுவ முடியாது, சமைக்கும் வெப்பத்தாலும் அது அழியாது. பருப்பை ஊறவைத்த நீரை ஊற்றிவிடுவதால் சிறிதளவு குறையலாம்.

களையெடுப்பது யார் என்ற கேள்வி

களைநாசினியே வேண்டாம் என்பவர் இக்கேள்விக்கு விடையோடு வரவேண்டும். வன்னியில் பெரும்பாலான நெல் வீசி விதைக்கப்படுவது. வரிசை நடுகையில்லாத வயலில் களையகற்றும் உருளைக் கருவியை ஓட்ட முடியாது. கையால் பிடுங்குவதற்குக் கூலிக்கு வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். முதுகு வளைந்து நாள்முழுதும் சேற்றில் நிற்கும் அவர்களுடைய உடலும் உடல்தான். நிலத்தை நன்றாக மட்டப்படுத்தல், முதல் மழைக்கு முளைத்த களையை உழுது புரட்டியபின் விதைத்தல், பயிர் எழும்பியதும் நீரைத் தேக்கிக் களையை அடக்கல் ஆகியன மருந்தின் அளவைக் குறைக்கும்; கடைமடைக்கு நீர் பிந்தி வரும் வாய்க்கால்களில் மூன்றாவது இலகுவாகக் கைகூடாது. பார்த்தீனியம் என்ற களையைப் பற்றியும் கேட்பார்கள். வவுனியாவில் முதலிற் காணப்பட்ட அச்செடியைத் தொட்டாலே பலருக்குத் தோல் தடிக்கும். அதனைக் கையால் பிடுங்கச் சொல்பவர் கையுறைக்கும் வழி சொல்லவேண்டும்.

தீர்மானமாக எழுதுங்கள்

கிளைபோசேட் நல்லதா கெட்டதா என்பதைக் கமக்காரர் அமைப்பு தீர்மானிக்க முடியாது. தீர்மானித்தாலும் எவரையும் அது கட்டுப்படுத்தாது. அமைப்பால் தீர்மானிக்கக்கூடியவற்றின்மேல் வாதத்தைத் திருப்புவதே கூட்டத்தை நடத்துபவரின் திறமை. கிணற்றுக் கட்டிலோ வாய்க்கால் துருசிலோ மருந்து கலக்கவோ தாங்கி கழுவவோ கூடாது. அதே வாய்க்காலில் கீழே பிள்ளைகள் குளிக்கிறார்கள், மாடுகள் குடிக்கின்றன, கிளைபோசேட்டோடு சேர்ந்த துணைப்பொருள் மீனுக்கும் தவளைக்குஞ்சுக்கும் நஞ்சு. அடிப்பதற்கு முதல்நாள் அயற்காணிக்காரருக்குச் சொல்லவேண்டும். கையுறை, காற்சட்டை, காலணி இல்லாத கூலியாளைக் காணிக்காரர் இறக்கக்கூடாது. அவற்றைக் காணிக்காரரே வாங்கிக்கொடுக்கவேண்டும். அடைத்த நுனிக்குழாயை வாயால் ஊதாமலிருக்க, பழைய பற்தூரிகையொன்றைத் தாங்கியோடு கட்டிவைத்தால் போதும். வெற்றுப் போத்தலை மூன்றுமுறை அலசி, அலசிய நீரைத் தாங்கிக்குள்ளேயே ஊற்றி அடித்துவிட்டு, போத்தலைத் துளையிட்டு வைக்கவேண்டும். துளையிட்ட போத்தலில் எவரும் மண்ணெண்ணெய் வாங்கிவர முடியாது. அடித்த உடுப்பை வீட்டாரின் உடுப்போடு சேர்க்காமல் தனியே சவர்க்காரமிட்டுத் தோய்க்கவேண்டும்.

இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே வாக்குக்கு விடுங்கள். உணவிலுள்ள எச்சத்தைப் பற்றிக் கருத்து வேறுபட்டவர்களும் இவற்றுக்குக் கையுயர்த்துவதைக் காண்பீர்கள். மேலதிகமாகப் பரிசோதனை வேண்டுமென்று சபை கருதினால், எந்த உணவு, எந்த மருந்து, எந்தப் போகம் என்பதைக் குறிப்பிட்டு, கமநல சேவை நிலையத்தின் ஊடாகவும், அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தைக் கேட்டும் எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். "எங்கள் சாப்பாட்டைப் பரிசோதித்துத் தாருங்கள்" என்று எழுதினால் மறுமொழி வராது. கூட்டக் குறிப்பில் ஏற்றவர்களின் எண்ணிக்கையோடு, மறுத்தவர்கள் சொன்ன காரணத்தையும் பதிந்து வையுங்கள். சிறுபோகக் கூட்டத்தில் அதே வாதம் மீண்டும் எழும்போது, விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.